அஞ்சுல நாலு போறதுக்குப் பேர் பிளே ஓஃபா?

எல்.பி.எல்.லில் இருப்பது அஞ்சு அணி. அதில் நாலு பிளே ஓஃப் போகுது. அமெரிக்க ஃபுட்போலின் என்.எஃப்.எல்.லில்கூட 32 அணிகளில் 14தான். 2024இல் 20 லீக் மெச் ஆடி முடிச்சு வீட்டுக்கு அனுப்பினது தம்புள்ளையை மட்டும்.

மிச்ச நாலில் கொழும்பை நாங்க கணக்கிலேயே எடுக்கல. எலிமினேட்டரிலேயே கண்டி முடிச்சு வச்சது. கண்டி யாழ்ப்பாணத்திடம் ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றது, அது பாவம்தான். காலி? முதல் குவாலிஃபயரில் யாழ்ப்பாணத்தை அடிச்ச அதே அணி, இறுதியில் 184 எடுத்தும் ரைலி ரூசோவின் சதத்துக்கு முன்னால் 9 விக்கெட்டால் தோற்றது. ஐந்து தொடரில் யாழ்ப்பாணத்துக்கு நான்காவது கோப்பை.

பசறையிலும் ஹாலிஎலயிலும் தோட்டத்துப் பசங்க யாழ்ப்பாணத்துக்குத்தான் கத்துறாங்க. தப்பில்ல, வியாஸ்காந்த் பந்து போட்டா நாங்களும்தான். ஆனா 2012இல் எஸ்.எல்.பி.எல். கோப்பையை எடுத்த அணியின் பேர் ஊவா நெக்ஸ்ட். எத்தனை பேருக்கு ஞாபகம்? அப்பவும் பதுளையில் ஒரு மெச் நடக்கல. அந்தத் தொடரும் அதோட நின்னுபோச்சு.

ஊவாவில் சர்வதேச மைதானம் இல்லன்னு சொல்வாங்க. யாழ்ப்பாணத்திலயும்தான் ஒரு எல்.பி.எல். மெச்சும் நடக்கல, அணி இருக்கே! காசு போட ஆளில்லையாம். இப்ப இருக்கிற அணிகளுக்குக் காசு போடுறது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்குக் காலியும் ஒண்ணு, பதுளையும் ஒண்ணு.

ஆறாவது அணியை ஊவாவுக்குக் குடுங்க. நாலு போனாலும் ரெண்டாவது வெளியில நிக்கும். அது நாங்களா இருந்தாலும் பரவாயில்ல.