வலிக்காது என்கிற பொய்

பல் டாக்டரின் நாற்காலியில் குழந்தையை உட்கார வைத்ததும் பெரியவர்கள் வாயிலிருந்து தானாக வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "வலிக்கவே வலிக்காதுடா செல்லம், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்." சொல்பவர் யாரும் அதை நம்பிச் சொல்வதில்லை. அடுத்த அரை நிமிஷத்தில் குழந்தைக்கும் உண்மை தெரிந்துவிடும். வலிக்கும் என்பது மட்டுமல்ல, அம்மாவும் டாக்டரும் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவார்கள் என்பதும்.

இதே ஆட்கள்தான் வீட்டில் "சோறு சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டியவர்கள். மூன்று வருஷம் ஊசியைப் பூச்சாண்டியாகக் காட்டி வளர்த்துவிட்டு, நான்காவது வருஷம் அதே ஊசி ஒண்ணுமே இல்லை என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? அதற்கு லாஜிக் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை.

வலியைப் பற்றிப் பல் மருத்துவத்துக்கு நன்றாகவே தெரியும். 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்கிற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னவர். அதே துறைதான் அழுகிற குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதையும் ஒரு முறையாகவே வைத்திருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி அதைத் தன் வழிகாட்டுதல்களிலிருந்து நீக்கியது 2006-ல். பிளேஸ்டேஷன் 3 வந்த வருஷம்!

இத்தனைக்கும் 1959-லேயே அடல்ஸ்டன் என்பவர் 'சொல், காட்டு, செய்' முறையை எழுதிவிட்டார். என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்வது, சுழலும் பிரஷ்ஷை அதன் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டுவது, பிறகு சொன்னதை மட்டும் செய்வது. பைசா செலவில்லை, ஐந்து நிமிஷம் போதும். பல கிளினிக்குகளில் கிடைக்காதது அந்த ஐந்து நிமிஷம்தான். டாக்டரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. "சீக்கிரம் முடிங்க டாக்டர், டியூஷன் இருக்கு" என்று பின்னால் நிற்பவர்கள் யார்?

'வலி', 'ஊசி' போன்ற சொற்களைத் தவிர்க்கும்படி டாக்டர்களே சொல்கிறார்களே என்று கேட்கலாம். சொல்கிறார்கள், சரிதான். "பல்லைத் தூங்க வைக்கப் போறேன்" என்பது குழந்தையின் மொழி, பொய் இல்லை. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்பதும் பொய் இல்லை. ஊசியைக் கண்ணில் படாமல் வைப்பதில்கூட தப்பில்லை. ஊசியே கிடையாது என்று சத்தியம் செய்வதுதான் தப்பு.

அந்தச் சுருக்கையும் குறைக்க முடியும். ஈறில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். தடவிய கையோடு குத்தினால் ஜெல் வெறும் சடங்கு. மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும், ஏற்றும்போது கன்னத்தை லேசாக ஆட்ட வேண்டும். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் ஏன் தேய்க்கிறோம்? தொடுதல் வலியின் வழியை மறிக்கிறது. மெல்ஸாக்கும் வாலும் 1965-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கையைத் தூக்கும் ஏற்பாடு. "கஷ்டமா இருந்தா கையைத் தூக்கு, நிறுத்திடுறேன்." ஓடுகிற புரோகிராமை நிறுத்த எங்களுக்கு கண்ட்ரோல்-சி இருக்கிறது. வாய்க்குள் மெஷின் ஓடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுகூட வேண்டாமா? ஆனால் தூக்கினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் போச்சு.

சில சொத்தைகளுக்கு ஊசியே தேவைப்படாது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினாலே பல சொத்தைகள் பரவாமல் நிற்கும். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021-ல் அது சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் பால் கடைவாய்ப் பல்லைக் குடையாமல், மரத்துப்போக வைக்காமல், மேலே ஸ்டீல் கேப்பை மாட்டினார். அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டுமே சொத்தை பல்லின் நரம்பை எட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

அங்கேதான் "விழப்போற பல்லுதானே" என்கிற ஞானம் குறுக்கே வருகிறது. பின்பக்கப் பால் பற்கள் விழ 10, 12 வயதாகிவிடும். அதுவரை தள்ளிப்போட்டால் ஒரு ராத்திரி கன்னம் வீங்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மரத்துப்போகும் மருந்தும் சரியாகப் பிடிக்காது. மிகக் கடினமான சிகிச்சையை, மருந்து மிகக் குறைவாக வேலை செய்யும் நேரத்தில், மிகவும் பயந்துபோன பிள்ளைக்குச் செய்கிறோம். பிறகு பிள்ளை பிடிவாதக்காரன் என்கிறோம்.

"நாங்கல்லாம் இப்படித்தான் பல்லு பிடுங்கினோம், செத்தா போயிட்டோம்?" சாகவில்லை. முப்பத்தைந்து வயதிலும் கிராம்பையும் வலி மாத்திரையையும் வைத்து ஆறு மாதம் ஓட்டுகிறோம். நடுராத்திரி சர்வர் விழுந்தால் அசராமல் எழுந்து உட்காரும் என் நண்பர்கள், பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை மட்டும் மூன்று முறை தள்ளிவைப்பார்கள்.

அடுத்த முறை பிள்ளையை நாற்காலியில் ஏற்றுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். ஜெல் தடவி எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க? கையைத் தூக்கினா நிறுத்துவீங்களா? ஊசி இல்லாம முடியுமா? "அதுக்கெல்லாம் டைம் இல்ல சார்" என்று பதில் வந்தால், வலியோ வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவரை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது.