பூமிக்குள் சட்டக் காந்தம் இல்லை



பூமியின் காந்தப் புலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், உருண்டைக்குள் ஒரு சட்டக் காந்தத்தை வரைந்து காட்டுவது நம்மில் பலருக்கு வழக்கம். எளிய படம்தான். ஆயினும் அத்துடன் பாடத்தை நிறுத்திவிடலாகாது என்பதே என் கருத்து.

காந்தத்தைச் சூடேற்றினால் அதன் ஆற்றல் குன்றும் என்றும் நாமே கற்பிக்கிறோம். ஏறத்தாழ 770 பாகை செல்சியசைத் தாண்டினால் இரும்பு நிலைக்காந்தமாக இருக்கவே இயலாது. பூமியின் மையமோ 5000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் கொண்டது. பிறகு அங்கே காந்தம் எப்படி? கூர்மையான பிள்ளை இதைக் கேட்கவே செய்யும். "புத்தகத்தில் அப்படித்தான் உள்ளது" என்பது விடையாகாது. "தேர்வுக்கு வராது" என்பதும் அப்படியே, யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது.

உண்மையான விடை இன்னும் சுவையானது. ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்புக் கடல் ஒன்று உள்ளது. உள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தால் அது கொதிக்கும் கஞ்சியைப்போல் எழுந்து தாழ்கிறது. பூமியின் சுழற்சி அவ்வோட்டத்தை முறுக்குகிறது. காந்தப் புலத்தினூடே உலோகம் நகர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும். அம்மின்னோட்டம் மீண்டும் காந்தப் புலத்தை உண்டாக்கும். பழைய மிதிவண்டி விளக்கின் டைனமோவை நினைவுகூருங்கள். (இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டதில்லை, பெற்றோர்கள் கண்டிருப்பீர்கள்.)

ஓடும் பொருளால் உண்டானது என்பதால் இப்புலம் நிலையாக நிற்பதில்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டறிந்த காந்த வடமுனை, இன்று சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு முனைகளே இடம் மாறின. சட்டக் காந்தப் படம் இவற்றுள் எதையும் விளக்காது.

இதனால் நமக்கென்ன என்று கேட்போரும் உளர். சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்களில் பெரும்பகுதியைத் திசைதிருப்புவது இப்புலமே. 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்று இதை உலுக்கியபோது, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர்.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு தையலூசியும் நூலும் போதும். ஊசியை முதலில் சமனாகத் தொங்கவிடுங்கள், பின்னரே காந்தமேற்றுங்கள். காந்த நடுக்கோட்டிற்கு அருகிலுள்ள நம் நாட்டில் அது சற்றே சாயும். கனடாவின் வடகோடியிலோ அதே ஊசி ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். ஏன் என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.