வயலில் கடலை, வாணலியில் பாமாயில்

அவிநாசிக்கு அருகே, சில கல் தொலைவில், சேவூரில் ஓர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் உண்டு. அறுவடைக் காலத்தில் அங்கே நிலக்கடலை ஏலம் நடைபெறும். மூட்டையின் வாயை அவிழ்த்து வைத்துவிட்டு, வியாபாரி அள்ளி உடைத்துப் பார்க்கும் நான்கு காய்களையே உழவர் உற்று நோக்கிக்கொண்டிருப்பார். அதே உழவரின் இல்லத்தரசி அந்த மாதமே நியாயவிலைக் கடை வரிசையில் நின்று ஒரு பொட்டலம் பாமாயில் வாங்கி வருவார். இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பிழியப்பட்டுக் கடல் கடந்து வந்த எண்ணெய் அது. கடலை விளைவித்தவர் வீட்டு வாணலியில் கடலை எண்ணெய்க்கு இடமில்லை. இதைக் கண்டு எவரும் வியப்பதில்லை என்பதே எனக்கு வியப்பு.

இந்நிலை தானாக வந்ததன்று. 1986இல் நடுவண் அரசு எண்ணெய்வித்துக்களுக்கான தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளிலேயே சமையல் எண்ணெயில் நாடு ஏறக்குறையத் தன்னிறைவை எட்டிற்று. பிறகு நாமே கதவைத் திறந்தோம். 1994இல் பாமாயில் இறக்குமதிக்குத் தடை நீங்கியது. அப்போது 65 விழுக்காடாயிருந்த சுங்கவரி 1998க்குள் 15 விழுக்காடாகச் சரிந்தது. பின்னர் வரி ஏறியும் இறங்கியும் வந்தது. ஆயினும் செக்குகள் ஓய்ந்தவை ஓய்ந்தவைதாம். இன்று நாம் உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2007 முதல் தமிழக அரசு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயிலை மலிவு விலையில் வழங்கி வருகிறது.

ஏழைக்கு மலிவாக எண்ணெய் கிடைப்பதை நான் குறை கூறவில்லை. விலைவாசி ஏறிய நாட்களில் அத்திட்டம் பல அடுப்புகளைக் காத்தது. எந்த எண்ணெய் என்பதே என் வினா. பாமாயிலின் கொழுப்பில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் குருதியில் தீய கொழுப்பு ஏறும், இதயக் குழாய்கள் அடைபடும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கூறி வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய். இவர்களை மாரடைப்பு எளிதில் பற்றும். இத்தகைய மக்களுக்கு அரசே தேர்ந்து வழங்கும் எண்ணெய் இதுவா?

இங்கே என் சொந்த மண்ணின் கோபத்தையும் நான் ஏற்க வேண்டியிருக்கும். பாமாயிலுக்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெய் வழங்குக என்று நம் தென்னை உழவர்கள் போராடி வருகின்றனர். அவர்களுடைய வாழ்வுரிமை நியாயமானது. ஆனால் அதற்கு உடல்நலத்தைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. தென்னைக்கு வேறு வகையில் விலை தேடுவோம். வறுவல் சட்டியில் தேட வேண்டாம். அதுபோலவே, செக்கெண்ணெய் என்றாலே தூய்மை என்று பேசுவோரும் சற்று நிதானிக்கட்டும். ஈரம் காயாத காயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும். வடிகட்டாமல் ஆட்டிய எண்ணெயிலும் இறங்கும். நன்கு உலர்த்த ஒரு களம், சேமிக்க ஒரு கிடங்கு, ஆய்வு செய்ய ஒரு கருவி, இவை இருந்தால் தீரும் குறை இது. 2021இல் எண்ணெய்ப்பனை வளர்க்கவென்றே 11,040 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் அறிவித்த நாட்டில், கடலைக்கு ஒரு களம் கட்டப் பணமில்லை என்றால் நம்புவதற்கில்லை.

விலை கட்டாது என்பார்கள். கடலை எண்ணெய் விலை கூடுதல்தான். ஆகவே ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பதில் அரை லிட்டர் கடலை எண்ணெய் கொடுக்கட்டுமே! கடலை விளையும் வட்டங்களில் மட்டுமாவது, விரும்பும் அட்டைதாரர்களுக்கு மட்டுமாவது, தொடங்கிப் பார்க்கலாம். எண்ணெய் குறைந்தால் உடலுக்கும் நன்மையே. நம் பாட்டிமார் தாளிப்பதற்கு இரண்டு கரண்டிக்கு மேல் ஊற்றியதில்லை. மானியமும் சேவூரிலேயே தங்கும். புண்ணாக்கு நம் மாட்டுக்குக் கிடைக்கும்.

நியாயவிலைக் கடையோடு கதை முடியவில்லை. பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் தாயும் தந்தையும் வழியில் பரோட்டாவோ பஜ்ஜியோ வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் பாமாயில், குழந்தையின் பிஸ்கட்டிலும் பாமாயில். கொதித்துக் கொதித்துக் கறுத்த எண்ணெயில் தீய சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2018 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. மாலை நேரத்துத் தள்ளுவண்டிச் சட்டியில் எவரும் அதை அளந்து நான் கண்டதில்லை.

அன்பர்களே, அரசைச் சாடிவிட்டு நம் சமையற்கட்டை மறப்பது முறையன்று. ஒரு பங்கின் திருவிழா விருந்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பொருள் வாங்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. பட்டியலில் 15 கிலோ பாமாயில் டின்கள் இருந்தன. கடலை எண்ணெய் வாங்கலாமா என்றேன். “பந்தியில் உட்காருபவருக்கு என்ன தெரியப்போகிறது?” என்றார் குழுவிலிருந்த பெரியவர். பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள். நானும் வாய்மூடி டின்களை வாங்கி வந்தேன்.

நூறு கிலோ காய்க்கு ஏறத்தாழ எழுபது கிலோ பருப்பு வரும். ஆட்டினால் முப்பது கிலோவை ஒட்டி எண்ணெய் இறங்கும். ஏறக்குறைய இரண்டு டின்னுக்கு ஈடு. இம்முறை ஏலத்தில் நன்கு காய்ந்த காயாகப் பார்த்து வாங்கி, ஆட்டிக் கொண்டுவந்து தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். குழுவினர் சமையற்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். அவர் டின்னுக்கே பழகியவர்.