நடுக்கம் பிள்ளைகளுக்கும் வருமா?

உப்புவெளியில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கி, அது பார்க்கின்சன் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே "இது பரம்பரை வருத்தமோ?" என்று கேட்கிறோம். வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருந்தால் பயமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே மரபணுவின் பிழையால் நோய் வரும் குடும்பங்கள் உண்டு. ஆல்பா-சினூக்ளின் என்ற புரதத்துக்குரிய மரபணுவில் அப்படியொரு பிழை 1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. ஆனால் நோயாளிகளில் இத்தகையோர் சிறுபான்மையினரே. மற்றவர்களிடம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாக ஆபத்தைக் கூட்டுகின்றன. சில குறைக்கவும் செய்கின்றன. 2019இல் வெளியான ஆய்வொன்று இத்தகைய 90 மரபணு வேறுபாடுகளைச் சுட்டியது. அது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தது. நமக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

இந்த மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் விதம்தான் முக்கியம். ஜிபிஏ1 என்ற மரபணு, கலத்தின் கழிவுகளைச் சிதைக்கும் இலைசோசோமுக்கு ஒரு நொதியத்தைத் தருகிறது. நொதியம் குறைந்தால் ஆல்பா-சினூக்ளின் தேங்குகிறது. தேங்கிய புரதமோ, புதிதாக உருவாகும் நொதியம் இலைசோசோமைச் சென்றடையவிடாமல் தடுக்கிறது. நொதியம் குறையக் குறையத் தேக்கம் கூடுகிறது. அப்படியிருந்தும் ஜிபிஏ1 பிழை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பார்க்கின்சன் வருவதேயில்லை. அவர்களுடைய ஆல்பா-சினூக்ளின் மரபணு எந்த வகை, அந்தப் புரதத்தை உடைக்கும் கதெப்சின் பி நொதியத்தின் மரபணு எந்த வகை என்பவையும் ஆபத்தை மாற்றுவதாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே தகப்பனுக்கு இருப்பது மகளுக்கு அப்படியே இறங்கிவிடுவதில்லை. தகப்பனிடம் கூடியிருந்த மரபணுக்களில் பாதிதான் அவளிடம் வருகிறது; மறுபாதி தாயினுடையது. நோயாளியின் பிள்ளைக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் உள்ள ஆபத்தே நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. இதை வைத்துச் சம்பந்தத்தை முறிப்பது அநியாயம்.

நாற்பது வயதுக்கு முன்னரே நோய் தொடங்கினால் மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதடைந்தால், அவற்றைப் பிங்க்1 என்ற புரதம் அடையாளமிட, பார்க்கின் என்ற புரதம் அகற்றும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. இவ்விரண்டில் ஏதாவதொன்றுக்குரிய மரபணுவில், தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் இரு பிரதிகளும் பழுதானால் இளவயதிலேயே நோய் வரலாம். மச்சானும் மச்சாளும் மணமுடித்த வீடுகளில் அந்த வாய்ப்புக் கூடுதல் என்பதால், பெற்றோரின் உறவுமுறையை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தகைய குடும்பத்தில் நோயாளியின் பிள்ளைகளைவிட உடன்பிறந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்: ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு.