குரலைக் காத்த ஒலிப்பதிவு

நம் சங்கக் குடும்பங்களில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் 'எக்ஸ்ட்ரீம் மெட்டல்' என்னும் மேற்கத்திய இசையை விரும்பிக் கேட்கிறார்கள். தொண்டை கிழியும் அலறல், இடி முழக்கம் போன்ற டிரம்ஸ், காதை அறுக்கும் கிதார். "இதுவும் ஒரு சங்கீதமா?" என்று பெரியவர்கள் கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் அந்த இசையுலகிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பது என் கருத்து.

நார்வே நாட்டு 'மேஹெம்' குழு 1990 நவம்பர் 26 அன்று லைப்ஸிக் நகரில் ஒரு சிறு அரங்கில் கச்சேரி செய்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. பாடியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஓலின். அடுத்த ஏப்ரலில், 22 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தக் கச்சேரி 1993இல் 'லைவ் இன் லைப்ஸிக்' என்ற பெயரில் வெளியாயிற்று. 1994இல் குழுவின் ஸ்டூடியோ ஆல்பம் வந்தபோது பாடியவர் வேறொருவர். ஓலினின் குரலை ஒரு முழுக் கச்சேரியாகக் கேட்க இன்று மெருகில்லாத மேடைப் பதிவுகளே கதி. அவற்றுள் புகழ்பெற்றது இதுதான்.

அக்குழுவைப் புகழ்வது என் நோக்கமல்ல. அதன் கிதார் கலைஞர் 1993இல் கொலையுண்டார்; அந்த வட்டத்தார் சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். இவற்றையும் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேச வேண்டும். நான் சொல்ல வந்தது பதிவின் அருமையைப் பற்றி மட்டுமே.

நம் ஊருக்கு வருவோம். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரலை இசைத்தட்டில் இன்றும் கேட்கிறோம். லயத்தில் பெரும் புலமை வாய்ந்த அவருடைய குரு காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை 1934இல் மறைந்தார். அவர் குரல் நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. சீடரின் குரல் நின்றது, குருவின் குரல் காற்றோடு போயிற்று.

சித்தூரிலும் திருப்பதியிலும் நம் வீட்டு முதியவர்கள் தெலுங்கு கலந்த ஒரு தனித் தமிழைப் பேசுகிறார்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததை நேரில் கண்டவர்கள் சிலரும் அவர்களுள் உண்டு. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் அவர்கள் நாவில்தான் இருக்கின்றன. நம் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. காதால் கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆகவே எழுதி வைப்பது மட்டும் போதாது, குரலையே சேமிக்க வேண்டும்.

இவர்களை எந்த ஸ்டூடியோவும் அழைக்கப் போவதில்லை. கைப்பேசியே போதும். குக்கர் விசிலும் இருமலும் சேர்ந்து பதிவானால் ஆகட்டும். பெயர், ஊர், தேதி மூன்றையும் தொடக்கத்தில் சொல்ல வைத்தால் சரி. அலறல் இசை கேட்கும் அதே பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். ஒலிப்பதிவின் நுட்பம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வரும் பொங்கல் விழாவில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு சங்க நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.