வணிக மாதிரி ஆய்வில் முறைசார் மீளாய்வு: எண்ணிக்கையும் பொருள் தெளிவும்

ஒரு பொருள் பற்றிய முன்னாய்வுகளை வெளிப்படையான விதிகளின்படி தேடித் தொகுத்து மதிப்பிடுவது முறைசார் மீளாய்வு எனப்படும். எச்சொல்லைக் கொண்டு எங்குத் தேடப்பட்டது, எவை கொள்ளப்பட்டன, எவை தள்ளப்பட்டன என்பன பதிவாவதால், பிறர் அதனைச் சரிபார்க்க இயலும். மருத்துவத்தில் வளர்ந்த இம்முறையை மேலாண்மையியலுக்கு ஏற்ப அமைக்கும் வழியை டிரான்ஃபீல்ட், டென்யர், ஸ்மார்ட் ஆகியோர் 2003இல் முன்வைத்தனர். ஒரு நிறுவனம் எவ்வாறு பயனை உருவாக்கி வருவாய் ஈட்டுகிறது என்பதை ஆராயும் வணிக மாதிரி ஆய்விலும் இம்முறை இன்று பெருவழக்காகியுள்ளது. ஆயின், அங்கு அதன் அடிப்படையே ஐயத்திற்குரியது.

மருத்துவ ஆய்வில் ஒரு மருந்தின் பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே பொருளையே சுட்டும். எனவே முடிவுகளை ஒருங்கே வைத்து எண்ணலாம். 'வணிக மாதிரி' என்னும் சொல்லுக்கு அவ்வுறுதி இல்லை. சாட், அமித், மாஸா ஆகியோர் 2011இல் வெளியிட்ட மீளாய்வு 103 கட்டுரைகளை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 37 விழுக்காடு அக்கருத்தை வரையறுக்கவே இல்லை. 44 விழுக்காடு தாமே வரையறுத்தன. எஞ்சியவை பிறர் கூற்றைச் சார்ந்து நின்றன. வரையறுத்தோரும் அதனை விவரிப்பு, கட்டமைப்பு, கருத்துக் கருவி எனப் பலவாறு கொண்டனர். முறையாகத் தேடியதனாலேயே இக்குழப்பம் வெளிப்பட்டது என்பது இம்முறையின் பெரும்பயன்.

அதன் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. சொல்லைக் கொண்டு தேடும் முறை, அச்சொல் வழங்கும் கட்டுரைகளையே தரும். 1959இல் அறிமுகமான ஜெராக்ஸ் 914 படியெடுப்புக் கருவி விற்கப்படுவதற்கு மாறாகப் பெரும்பாலும் மாத வாடகைக்கு விடப்பட்டது. குறித்த அளவிற்கு மேற்பட்ட படிகளுக்குத் தனிக்கட்டணம் பெறப்பட்டது. இதனைச் செஸ்பரோ, ரோசன்புளூம் ஆகியோர் 2002இல் வணிக மாதிரியாக விளக்கினர். இத்தகைய ஏற்பாட்டை வாடகை, விலைக்கொள்கை என்னும் பெயர்களில் ஆராயும் கட்டுரை அத்தேடலில் சிக்காது. சொல் ஒன்றாய்ப் பொருள் வேறானவை தொகுப்பினுள் நுழைய, பொருள் ஒன்றாய்ச் சொல் வேறானவை புறத்தே நின்றுவிடும்.

இத்தொகுப்பைக் கொண்டு 'ஆய்வு இடைவெளி' கண்டதாக அறிவிப்பது இடர்மிக்கது. அவ்விடைவெளி அறிவின் குறையாகவும் இருக்கலாம். தேடுசொல்லின் குறையாகவும் இருக்கலாம். அதனை நம்பித் தலைப்பெடுக்கும் இளம் ஆய்வாளரின் உழைப்பு, முன்பே அறியப்பட்டதை மீளக் கூறுவதில் கழியக்கூடும்.

ஆகவே, மீளாய்வாளர் கட்டுரைகளை எண்ணுவதற்கு முன் அவை கொள்ளும் பொருளை வகைப்படுத்துதல் வேண்டும். ஒருபொருட் பன்மொழிகளையும் தேடலில் சேர்த்தல் வேண்டும். மேற்கோள் தொடர்களின் வழியும் பின்சென்று காணுதல் வேண்டும். தமிழ் ஆய்வேடுகளின் 'முன்னாய்வுகள்' பகுதிக்கும் இது பொருந்தும். தேடிய வழியைப் பதிவுசெய்வது நேர்மைக்குச் சான்று; தேடிய சொல்லின் பொருளை ஆராய்வதே புலமைக்குச் சான்று.