தெரிந்தே ஊட்டிய விஷம்!

“தெரியாமல் நடந்துவிட்டது.” ஆலைக் கழிவு குடிதண்ணீரில் கலந்தால் முதலாளிமார் பாடும் பல்லவி இது. தோழர்களே, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து டூபாண்ட் ஆலையின் கதையைக் கேளுங்கள்.

ஒட்டாத சட்டிக்குப் பூசும் டெப்லான் தயாரிக்க 1951 முதல் அங்கே ‘சி-8’ என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினர். அது மண்ணில் மக்காது. ரத்தத்தில் வருஷக்கணக்கில் தங்கும். எலிகளின் ஈரல் வீங்குவதைக் கம்பெனி ஆராய்ச்சியாளர்களே 1961-ல் கண்டனர். 1981-ல் டெப்லான் பிரிவிலிருந்து பெண்களை விலக்கினர். (ஆண் தொழிலாளியின் உடம்பு இரும்பா?) 1984-ல் சுற்றுவட்டாரக் குழாய்த் தண்ணீரை ரகசியமாகச் சோதித்தனர், சி-8 இருந்தது. ஊராரிடம் மூச்சு விடவில்லை! நாம் கேட்கிறோம்: பெண்களை விலக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒஹையோ ஆற்றில் கொட்டுவதை நிறுத்தத் தெரியாதா?

கம்பெனியின் குப்பைக் கிடங்கை ஒட்டிய ஓடையில் தண்ணீர் குடித்த மாடுகள் செத்து விழ, ஒரு விவசாயி 1999-ல் வழக்குப் போட்டார். அதன் பிறகே காகிதங்கள் வெளிவந்தன. சுமார் 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுநீரகப் புற்று, விரைப் புற்று உட்பட ஆறு நோய்களுக்கு சி-8-உடன் பெரும்பாலும் தொடர்புண்டு என்று 2012-க்குள் விஞ்ஞானிகள் கூறிவிட்டனர்.

2017-ல் டூபாண்டும் அதிலிருந்து பிரிந்த கம்பெனியும் சுமார் 3,550 வழக்குகளுக்கு 67 கோடி டாலர் வீசிக் கணக்குத் தீர்த்தன. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை.